பின்சீட்டின் இடப்பக்கம்

காரின் டேஷ்போர்டில் டயர் விளக்கு எரிந்தால் எங்கள் பக்கத்து ஆட்கள் இரண்டு வகை. ஒரு வகை, அந்த விளக்கின்மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டு நிம்மதியாக வண்டி ஓட்டும். இன்னொரு வகை, அடுத்த பெட்ரோல் பங்கில் நிறுத்திக் காற்றடிக்கும். மறுபடி எரிந்தால் மறுபடி அடிக்கும். எதற்கு எரிகிறது என்று கேட்க ஒருவருக்கும் பொறுமை கிடையாது. கேட்க வந்தால் நான் திட்டுவேன் என்ற பயமாகவும் இருக்கலாம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

மங்கலம்பேட்டை அமீனுதீன் பாய் இரண்டாவது வகை.

என் ஷெட் விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் கடைசி வரிசையில் இருக்கிறது. முன்பு கரண்டுக் கம்பத்துக்குப் பீங்கான் செய்த இடம். பலகையில் 'வேல்விழி ஆட்டோ எலெக்ட்ரானிக்ஸ்' என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு உள்ளே வருகிறவர்களில் பாதிப்பேர், "வேல்விழி சார் இல்லீங்களா?" என்று என்னிடமே கேட்பார்கள். பாய் அப்படிக் கேட்கவில்லை. நீளமான வெளிநாட்டுக் காரை வாசலில் நிறுத்திவிட்டு, "வண்டி ரொம்ப குத்துதும்மா. பாக்குறியா?" என்றார்.

டயரில் கை வைத்தேன். கை வைத்ததுமே எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"யாரு பாய் இவ்ளோ காத்து அடிச்சது? டயரா இது, கருங்கல்லா?"

"நாந்தான். மஞ்ச வெளக்கு எரிஞ்சிக்கிட்டே இருந்திச்சு. எரியறப்ப எல்லாம் போயி அடிச்சேன்."

ஸ்கேனரைச் செருகிப் பார்த்தேன். அந்தக் காரில் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் ஒரு சின்ன சென்சார் உண்டு. உள்ளே எவ்வளவு காற்று இருக்கிறது என்று டிரைவருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். முன்னால் வலப்பக்கச் சென்சாரின் பேட்டரி செத்துப்போய், அந்தச் சக்கரத்திலிருந்து தகவலே வரவில்லை. தகவல் வரவில்லை என்றுதான் விளக்கு எரிந்திருக்கிறது. காற்று ஒருநாளும் குறையவில்லை.

இன்னொரு விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. அது சஸ்பென்ஷனுக்கு. ரோட்டுக்குத் தகுந்தபடி தானாக இறுகி, தானாகத் தளர்கிற சஸ்பென்ஷன் அது. பின்னால் இடது சக்கரத்தின் உயரத்தைப் பார்த்துச் சொல்கிற சென்சாரின் கம்பி, ஏதோ வேகத்தடையில் அடிபட்டு ஒடிந்து தொங்கியது. ஒரு மூலையில் என்ன நடக்கிறது என்று தெரியாவிட்டால் அந்த வண்டி நாலு பக்கமும் இறுகிக்கொள்ளும். இருட்டில் படி இறங்குகிறவர்கள் உடம்பை இறுக்கிக்கொள்கிற மாதிரிதான்.

"இதுல யாரு பாய் வராங்க?"

"வூட்ல. பின்னாடி இடப்பக்கம் படுத்துக்கிட்டு வருவா. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு."

குவைத்தில் ஒரு அரபி வீட்டில் அவர் வெகுகாலம் டிரைவராக இருந்திருக்கிறார். அங்கே ஓட்டியது இதே மாதிரிக் கார். அரபியின் வயதான தாயார் ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுவாராம். மனைவிக்குப் புற்றுநோய் முதுகெலும்புக்குப் போய்விட்டது என்று போன் வந்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கு வந்து, சென்னையில் தேடி அலைந்து, பழைய வண்டியாகப் பார்த்து இதை வாங்கியிருக்கிறார். மங்கலம்பேட்டை சந்துக்குள் திரும்பவே முடியாத காரை எதற்கு வாங்கினான் என்று ஊரே சிரித்திருக்கிறது.

எனக்கு அதைக் கேட்டதும் வாயை மூடத் தெரியவில்லை.

"அவங்களுக்கு நோவக் கூடாதுன்னு இந்த வண்டிய வாங்கிட்டு, இத்தினி மாசமா கல்லு மேல படுக்க வச்சா கூட்டிட்டுப் போனீங்க?"

பாய் பக்கத்தில் கிடந்த பழைய டயரின்மேல் உட்கார்ந்துகொண்டார். நான் வேறு மாதிரிச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் பூசி மெழுகிச் சொன்னால் ஆள் அடுத்த பங்கில் மறுபடி காற்றடிப்பார்.

"அவ சொன்னா," என்றார். "குத்துதுங்க, குத்துதுங்கன்னு. நான் ரோட்ட திட்டுனேன். ரோடு போட்டவன திட்டுனேன். பஞ்சராயி நடுவழியில நின்னுட்டா அவ என்னா ஆவான்னு பயந்துதாம்மா டைட்டா அடிச்சேன்."

என்னிடம் டயர் வேலை பார்க்கும் தங்கராசு குந்தி உட்கார்ந்து காற்றை இறக்க ஆரம்பித்தார். இங்கே வருவதற்கு முன் லோடு ஆட்டோ ஓட்டியவர். அச்சில் வார்த்துக் காயவைத்த, சுடாத பீங்கான் பொம்மைகளைச் செய்கிற இடத்திலிருந்து சூளைக்கு ஏற்றிப் போகிற வேலை.

"நாங்க சுடாத பொம்ம ஏத்துனா காத்த எறக்கிட்டுத்தான் வண்டியவே எடுப்போம் பாய்," என்றார். "டைட்டா இருந்திச்சுன்னா சூள போய்ச் சேர்றதுக்குள்ள மூக்கு, காது ஒண்ணும் மிஞ்சாது. சுட்ட பொம்மைக்கு எப்பிடி வேணா அடிச்சிக்கலாம்."

"எனக்கு யாரும் சொல்லலியே," என்றார் பாய்.

அதன்பிறகுதான் அவர் வந்த காரியத்தைச் சொன்னார். ஒரே மகள் மஹிரா. திட்டக்குடியில் கொடுத்திருக்கிறது. ஏழாம் மாதம். தாய் வீட்டிலிருந்து சோறாக்கிக் கொண்டுபோய்ப் போட்டு, பிரசவத்துக்கு அழைத்துவர வேண்டும். மற்ற உறவுப் பெண்கள் போய் அழைத்துவரலாம். ஆனால் ரஹ்மத் பீவி ஒரே பிடியாக நிற்கிறார், என் பிள்ளையை நான்தான் போய்க் கூட்டிவருவேன் என்று.

"பாண்டிச்சேரியில, இனிமே கூட்டிட்டு வர வேணாம்னுட்டாங்க," என்றார். "அதனால இதாம்மா அவளுக்குக் கடைசி பயணம். திட்டக்குடி வரைக்கும் நோவாம கொண்டுபோயி, நோவாம கொண்டாந்துட்டாப் போதும். ஞாயித்துக்கெழம நாள் வச்சிருக்குது."

இரண்டு சென்சாரையும் சென்னையிலிருந்து பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னேன். நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் பார்சல் வந்தது. போனில் அந்தக் கடைக்காரனுக்குக் கிடைத்த அர்ச்சனையை இங்கே எழுத முடியாது.

சோற்றுச் சட்டிகளோடு உறவுக்காரர்களின் வேன் முன்னால் போய்விட்டது. பாய் திட்டக்குடி போகிற வழியில் காரை நேராக ஷெட்டுக்குள் கொண்டுவந்தார். பின்சீட்டில் இடப்பக்கமாக மெத்தை போட்டு, தலையணைகளை அண்டக்கொடுத்து, ரஹ்மத் பீவி சாய்ந்து படுத்திருந்தார். காலடியில் ஆக்ஸிஜன் சிலிண்டரைக் கயிற்றால் கட்டியிருந்தது. உடம்பு ஒரு பிடிதான். கண் மட்டும் நன்றாக இருந்தது.

"நீதான் எங்கூட்டுக்காரர திட்டுன பொண்ணா?"

"ஆமாங்கம்மா."

"நல்லா திட்டுனியா?"

"பாதிதாங்கம்மா திட்டுனேன். மூஞ்சிய பாத்ததும் வுட்டுட்டேன்."

"மீதிய நான் திட்டிட்டேன்," என்றார். சிரித்தது முதுகில் இழுத்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தார். "இன்னிக்கே பரவாயில்லம்மா. காத்த எறக்குனதே தேவலாமா இருக்குது. மங்கலம்பேட்டையிலேருந்து இங்க வரைக்கும் நான் கத்தவே இல்ல. கேட்டுப்பாரு."

"கத்தல," என்றார் பாய், பிள்ளை பரீட்சையில் பாஸான மாதிரி.

ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்க எனக்கு மனம் வரவில்லை. முன் சக்கரத்துச் சென்சாரை அப்படியே விட்டுவிட்டோம். தங்கராசு, வண்டிக்கு அடியில் வேலை பார்க்க ஷெட் தரையில் வெட்டியிருக்கும் பள்ளத்துக்குள் இறங்கி, கீழேயிருந்தபடியே பின்பக்கச் சென்சாரையும் கம்பியையும் மாட்டினார். டயர் விளக்கு எரியும், எரியட்டும், மறுபடி காற்றடித்தால் வீட்டுக்கே வந்து திட்டுவேன் என்று பாயிடம் சொன்னேன். சொல்லியும் நம்பிக்கை வராமல், நானே கறுப்பு டேப்பைக் கிழித்து அந்த விளக்கின்மேல் ஒட்டினேன். இத்தனை வருஷத்தில் நான் அப்படி ஒட்டியது அந்த ஒரு வண்டிக்குத்தான்.

புதுச் சென்சார் போட்டால் அதற்கு நிலையைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மட்டமான தரையில் வண்டியைக் காலியாக நிறுத்தி, 'நீ சாதாரணமாக நிற்பது இப்படித்தான்' என்று பதிவு செய்ய வேண்டும். எங்கள் ஷெட் தரை தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கமும் ஓடாத தரை. அதில் குறையில்லை. பள்ளத்தைத் தாண்டி வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு ஸ்கேனரில் கட்டளையைக் கொடுத்தேன். அது ஆங்கிலத்தில் கேட்டது: வண்டி காலியாக இருக்கிறதா? கீழே 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டம்.

"கொஞ்சம் எறங்கணும் பாய். அஞ்சு நிமிசந்தான்."

பாய் கதவைத் திறந்து குனிந்தார். "ரஹ்மத்து, எறங்கணுமாம்மா."

ரஹ்மத் பீவி முடியாது என்று சொல்லவில்லை. ஒரு கையைத் தூக்கிப் பாயின் கழுத்தில் போட்டார். பாய் முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்ததும் அந்த முகம் போன போக்கை நான் பார்த்தேன். உதட்டை உள்ளே மடக்கிக் கடித்துக்கொண்டு, சத்தம் வராமல் பார்த்துக்கொண்டார். கத்தவில்லை என்று சற்று முன்புதான் சொல்லியிருந்தார் அல்லவா, அந்தப் பேரைக் காப்பாற்றுவதற்காக.

"வேணாம். வுடுங்க பாய். படுக்க வையுங்க," என்றேன்.

"மிஷினு ஒத்துக்குமா?"

"அது கண்ணால பாத்துக்கிட்டா இருக்குது?"

'ஆம்' என்ற கட்டத்தை அழுத்தினேன். அந்தக் கார் ரஹ்மத் பீவியையும் மெத்தையையும் சிலிண்டரையும் சேர்த்துத் தன் சொந்த எடையாகவே எடுத்துக்கொண்டது. இன்னொரு முறை அப்படி நேர்ந்தாலும் அதையேதான் அழுத்துவேன். அடுத்த வாரம் வந்தால் ஒழுங்காகப் போட்டுத் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

எங்கள் எஸ்டேட் கேட்டில் ஒரு வேகத்தடை உண்டு. ஆட்டோக்கள் எல்லாம் அதில் குதித்துத்தான் போகும். பாய் மெதுவாக ஏற்றினார், மெதுவாக இறக்கினார், கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார். பிறகுதான் ரோட்டில் ஏறினார்.

மத்தியானம் போன் வந்தது. பாய் என்று நினைத்து எடுத்தால், ரஹ்மத் பீவி.

"தூங்கிட்டேம்மா," என்றார். பின்னால் ஒரே பெண்கள் சத்தம். "எங்க படுத்தாலும் தூக்கம் வராதவ வண்டியில தூங்கிட்டேன். இவரு எழுப்பி வூடு வந்திருச்சின்னாரு. எந்த வூடுன்னு கேக்குறேன். எம்மவ வந்து நிக்கிறா, வயித்த தள்ளிக்கிட்டு. நீ நல்லா இருக்கணும்மா."

அன்று சாயங்காலம்வரை நான் யாரையும் திட்டவில்லை. உடம்பு சரியில்லையா என்று தங்கராசு கேட்டார்.

அடுத்த வாரம் அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த வாரம், மங்கலம்பேட்டையில் டீ குடிக்கப் போன தங்கராசு வந்து, "பாயோட சம்சாரம் மவுத்தாயிட்டாங்களாம்," என்றார். போனேன். துக்க வீட்டில் பெண்கள் பக்கமாக உட்கார்ந்திருந்தேன். மஹிரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். நான் யார் என்று சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பி வரும்போது அம்மா தன் மடியில் தலை வைத்துத் தூங்கியபடியே வந்தார் என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒருநாள் பாய் வந்தார். தாடி முழுக்க வெளுத்திருந்தது. பின்சீட்டில் அதே மெத்தை கிடந்தது. அதன்மேல் இடப்பக்கமாக ஒரு அரிசி மூட்டை. மூட்டைக்குக் குறுக்கே சீட் பெல்ட்.

"அரிசி மூட்டைக்கெல்லாம் பெல்ட்டா பாய்?" என்று தங்கராசு சிரித்தார். பாய் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டார்.

"அடக்கம் பண்ணிட்டு வந்து மறுநா வண்டிய எடுத்தேன்," என்றார் பாய் என்னிடம். "அந்த வெளக்கு எரியுது. டயரு வெளக்கு இல்ல, இன்னொண்ணு. நீ போட்டுக் குடுத்ததாச்சே, ஏன் எரியணும்னு நெனச்சேன். மஹிராவ செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போனேன். அவ அந்தப் பக்கம் உக்காந்ததும் அணைஞ்சிருச்சு. எறங்குனா எரியுது. அப்பதான் புரிஞ்சிச்சு. ரஹ்மத்து இல்லன்னு வண்டிக்குத் தெரிஞ்சிருச்சு."

வண்டி சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. நான் சொல்லிக்கொடுத்ததை அது மறக்கவில்லை. தன் எடையில் ஒரு பங்கைக் காணோம், இடது பின்பக்கம் தூக்கி நிற்கிறது என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

"எரியறத பாத்துக்கிட்டு ஓட்ட முடியல," என்றார். "வெறும் சாக்க அந்த எடத்துல வச்சேன். படி படியா அரிசிய போட்டுக்கிட்டே வந்தேன். ஒரு படி போடறது, முன்னாடி போயி பாக்குறது. வெளக்கு அணைஞ்சதும் நிறுத்திட்டேன். அவளும் சிலிண்டரும் சேந்து அவ்ளோதாம்மா இருந்திருக்காங்க. ஒரு சாக்கு கூட நெறயல."

தங்கராசு எழுந்து வெளியே போய்விட்டார்.

"ஏன் பாய், அன்னிக்கே வந்திருந்தா ஒரு நிமிசத்துல சரி பண்ணிக் குடுத்திருப்பேனே?"

"சரி பண்றதுக்கு மனசு வரல," என்றார். "நாளைக்கு மஹிராவையும் புள்ளையையும் திட்டக்குடியில கொண்டுபோயி வுடணும். பொட்டப்புள்ள. ஹஸ்னான்னு பேரு வச்சிருக்குது. மூட்டைய பாத்துட்டு மஹிரா எங்கிட்ட அழுவுறா. 'எடுத்துருங்கத்தா, அம்மா மூட்டையில்லத்தா'ன்னா."

வெளியே போன தங்கராசு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மூட்டையைத் தூக்கப் போனார். பாய் அவரைத் தடுத்துவிட்டு, பெல்ட்டைக் கழற்றி, இரண்டு கைகளையும் அடியில் கொடுத்து அணைத்தாற்போல வெளியே எடுத்தார். அன்றைக்கு ரஹ்மத் பீவியை அவர் எடுக்கப் போனபோது நான் வேண்டாம் என்று சொன்னேனே, அதே மாதிரி. எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே கொஞ்ச நேரம் நின்றார்.

"நீ எடுத்துட்டுப் போயி சோறாக்கித் தின்னுப்பா," என்றார் தங்கராசுவிடம். "அரிசி வீணாப் போவக் கூடாது."

பிறகு மெத்தை. அதன் அடியில் ஒரு தைல பாட்டில் கிடந்தது. மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

முன் சக்கரத்தைக் கழற்றிப் புதுச் சென்சாரை மாட்டினோம். கறுப்பு டேப்பை நானே உரித்தேன். நாலு டயரும் அன்று நாங்கள் வைத்த அளவிலேயே இருந்தன. ஒரு பங்கிலும் அவர் காற்றடித்திருக்கவில்லை.

"காத்து கொஞ்சம் ஏத்தவா பாய்? இப்பதான் லோடு இல்லியே," என்று வழக்கம்போல யோசிக்காமல் கேட்டுவிட்டேன்.

"வேணாம்மா. புள்ள வருது. இதே அளவு இருக்கட்டும்."

வண்டியை மட்டத் தரையில் நிறுத்திக் கட்டளையைக் கொடுத்தேன். அதே கேள்வி வந்தது. அன்றைக்குப் பொய்யை ஒரு நொடியில் அழுத்தியவள், இன்றைக்கு நிஜத்தை அழுத்த முடியாமல் ஸ்கேனரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"என்னாம்மா கேக்குது?"

"வண்டி காலியா இருக்குதான்னு கேக்குது பாய்."

"அன்னிக்கும் இதத்தான் கேட்டிச்சா?"

"ஆமா."

"நீ என்னா சொன்ன?"

"காலின்னு சொன்னேன்."

"உள்ள படுத்திருந்தாளே," என்றார். உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்து போனது. பின்பக்க இடது கதவைத் திறந்தார். சீட்டில் சிந்தியிருந்த அரிசியைக் கையால் கூட்டி எடுத்தார். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும் ஓரம் வரைக்கும் தடவிப் பார்த்தார். கதவை, தூங்குகிறவர்கள் எழுந்துவிடாதபடி சாத்துவோமே, அப்படிச் சாத்தினார்.

"காலியாத்தாம்மா இருக்குது," என்றார். "சொல்லிரு."

அழுத்தினேன். விளக்கு அணைந்தது.

போயிட்டு வரேன்மா என்று சொல்லி வண்டியை எடுத்தார். கேட்டில் வேகத்தடை வந்ததும் மெதுவாக ஏற்றினார், மெதுவாக இறக்கினார். கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார். பார்த்தபடியே அங்கே நின்றுவிட்டார். பின்னால் வந்த லோடு ஆட்டோக்காரன் ஹாரனை விடாமல் அடித்தான். நான் ஷெட்டிலிருந்து ஓடிப்போய் அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன், கண்ணீர் வழிய வழிய.